முகமூடியும் முகமும்: சைக்கோபதி என்னும் கருத்தாக்கம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

இலக்கிய மாணவர் உளமருத்துவ நூல்களைப் பற்றி எழுதப் புகுவது எல்லை மீறலாகாதா என்ற வினா எழுதல் இயல்பே. மனிதரை வருணித்தல், வகைப்படுத்தல், அவர்தம் செயலுக்குக் காரணம் காட்டுதல் ஆகியன இலக்கியத்துக்கும் உளமருத்துவத்துக்கும் பொதுவான பணிகளாகும். பாத்திரப்படைப்பில் எழுத்தாளன் இழைக்கும் தவறு நூலைக் கெடுக்கும். உளமருத்துவ மதிப்பீட்டில் நேரும் தவறோ ஒருவரது விடுதலையையும், சிற்சில வேளைகளில் உயிரையும் பறித்துவிடும். எனவே மனிதர் எவ்வாறு எழுதப்படுகின்றனர் என்பதை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட நாம் இத்துறையை முற்றாகப் பிறர்க்கு விட்டுவிடல் முறையன்று.

‘சைக்கோ’ என்ற சொல் இன்று தமிழர் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் தாராளமாக வழங்குகின்றது. 1960இல் வெளிவந்த ஹிச்கொக்கின் திரைப்படத்தின் பெயரே 2020இல் மிஷ்கினின் தமிழ்த் திரைப்படத்துக்கும் பெயராயிற்று. இப்பொது வழக்கில் இருவேறு நிலைமைகள் ஒன்றாக்கப்பட்டுள்ளன. இல்லாத குரலைக் கேட்டு, நிகழாததை நிகழ்ந்ததாக நம்பி, யதார்த்தத்துடனான தொடர்பு அறுந்து வருந்தும் நிலை ஒன்று. அது சைக்கோசிஸ் எனப்படும். சைக்கோபதி எனப்படுவதோ ஏறத்தாழ அதற்கு மறுதலையானது. அங்கு மாயக்காட்சியில்லை, அறிவு தெளிவாகவே இயங்குகின்றது. ஆனாற் குற்றவுணர்வு, பிறர் நோவை உணர்தல், அச்சம் ஆகியன குன்றி, பிறரைக் கருவியாகக் கையாளுதலே வாழ்முறையாகியிருக்கும். ஹிச்கொக்கின் படத்தில் வரும் கொலையாளி கூட, அப்படத்தின் இறுதியில் தரப்படும் விளக்கத்தின்படி, இவ்விரண்டாவது வகையினன் அல்லன். இக்குழப்பத்தினாற் பாதிக்கப்படுவோர் பெரிதும் முதல்வகை நோயாளரே. எவர்க்கும் தீங்கிழைக்காத அவர்கள் கொலைகாரரின் பெயரைச் சுமக்கின்றனர். இக்காரணத்தால், தமிழாக்கத்தினால் அவசரப்பட்டு ஒரு பக்கம் சாராது, சைக்கோபதி என்ற சொல்லையே இக்கட்டுரையில் ஆளுகின்றோம்.

இக்கருத்தாக்கம் சமூக வரலாற்றில் எவ்வாறு உருப்பெற்றது, யாரைக் குறிக்கப் பயன்பட்டது, எவ்வாறு அளக்கப்படுகின்றது, ‘மாற்ற முடியாதவர்’ என்ற தீர்ப்பு எதனை அடிப்படையாகக் கொண்டது என்பனவே நாம் இங்கு நோக்க முற்படும் வினாக்கள்.

2

பிரெஞ்சு உளமருத்துவரான பிலிப் பீனெல் 1801இல் வெளியிட்ட நூலில், பிதற்றல் இன்றியே பித்துக் கொண்டோர் பற்றி எழுதினார். அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. அவன் வசதி படைத்த குடும்பத்து ஒரே மகன். தாயின் அளவிறந்த செல்லத்தில் வளர்ந்தவன். தன் விருப்பத்துக்குக் குறுக்கே நின்ற எதனையும் அடித்தும் அழித்தும் பழகியவன். தந்தையின் சொத்து கைக்கு வந்தபின் அதனைச் செம்மையாகவே நிர்வகித்தான். ஏழைகளுக்கு உதவுபவன் என்ற பெயரும் பெற்றான். அத்தகையவன் தன்னை ஏசிய ஒரு பெண்ணைத் தூக்கிக் கிணற்றில் எறிந்தான். பீனெல் இதற்குக் காரணமாக மண்டையோட்டையோ குருதியையோ காட்டவில்லை, வளர்ப்பைக் காட்டினார். இக்கருத்தாக்கத்தின் தொடக்க வரலாற்றில் நாம் காணும் இம்மனிதன் சிறைக்கைதியல்லன், சொத்துடையோன் என்பதும், அவனது நோய் எவரும் அவனை மறுத்துரைக்க இயலாதிருந்த உறவுநிலையிலிருந்தே விளக்கப்பட்டது என்பதும் புரட்சிக்குப் பிற்பட்ட பிரான்சின் மனநிலையோடு பொருந்துவனவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விளக்கமுறை தலைகீழாகின்றது. 1876இல் வெளிவந்த நூலில் இத்தாலியரான லொம்புறோசோ, குற்றவாளி பிறப்பிலேயே அவ்வாறானவன் என்றும் மனித குலத்தின் தொல்நிலை அவனில் மீளத் தோன்றுகின்றது என்றும் வாதித்தார். அவருக்கு ஆதாரமாக அமைந்த புகழ்பெற்ற மண்டையோடு தென்னித்தாலியின் வறிய கலாபிரியாப் பகுதியைச் சேர்ந்த ஒருவருடையது. தென்பகுதியின் வறுமைக்கு அம்மக்களின் பிறவியியல்பே காரணமென இவ்வழிவந்த சமூகவியலாளர் எழுதியதையும், சோசலிசக் கட்சியே அதற்கு இசைவளித்ததையும் 1926இல் கிராம்சி கடுமையாகக் கண்டித்தார். முற்போக்காளர் முகாமும் இப்பிழையினின்று முழுமையாகத் தப்பவில்லை என்பதை இங்கு நாம் மறைக்க வேண்டியதில்லை.

1891இல் ஜேர்மனியரான கொக், ‘சைக்கோபதித் தாழ்வுநிலை’ என்ற தொடரைப் பரவலாக்கினார். தாழ்வு என்ற சொல் விரைவில் அரசுகளின் சட்டமொழிக்குள் நுழைந்தது. ஐக்கிய அமெரிக்காவின் 1917ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ‘உடலமைப்புசார் சைக்கோபதித் தாழ்வுநிலை’ உடையோர்க்கு அனுமதி மறுத்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது ‘சைக்கோபதி ஆளுமை’ என மாறிற்று. 1967இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், தற்பாலீர்ப்பினரும் அச்சொல்லுள் அடங்குவர் எனத் தீர்ப்பளித்து, நாடுகடத்தலை உறுதிசெய்தது. ஒரே சொல் காலத்துக்குக் காலம் வேண்டாதவர் எவரோ அவர் மீது பொருத்தப்பட்டமை இதனாற் புலனாகும்.

இவ்வரலாற்றில் இலக்கிய மாணவர்க்குச் சிறப்பாக அக்கறையூட்டும் ஓர் அத்தியாயம் 1919இல் மியூனிச் நகரில் எழுதப்பட்டது. அவ்வாண்டு அங்கு குறுகிய காலம் நிலவிய சோவியத் குடியரசு குருதியில் அமிழ்த்தப்பட்டது. நவீன உளமருத்துவத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் எமில் கிறேப்பலின் அதே ஆண்டில், நடப்பு நிகழ்ச்சிகள் பற்றி உளமருத்துவ நோக்கில் எழுதிப் புரட்சியை நோயின் மொழியில் விளக்கினார். அவரது உதவியாளரான யூஜின் கான், புரட்சித் தலைவர்களைச் சைக்கோபதியின் வகைகளாகப் பகுத்துக் கட்டுரை வெளியிட்டார். அவ்வெழுச்சியின் தலைவர்களுள் ஒருவர் நாடகாசிரியரான ஏர்ண்ஸ்ற் ரொல்லர். முன்னரே, 1918இல், போருக்கெதிரான வேலைநிறுத்தத்திற் பங்குபற்றிக் கைதான அவர் கிறேப்பலினின் மருத்துவ நிலையத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். 1933இல் வெளியான தமது சுயசரிதையில், அப்பேராசிரியர் போர்வெற்றியை ஐயுறுவோர் மீது சினந்து பாய்ந்த காட்சியை ரொல்லர் தீட்டுகின்றார். மருத்துவர் நோயாளியைப் பற்றி எழுதியதும், நோயாளி எனப்பட்டவர் மருத்துவரைப் பற்றி எழுதியதும் ஆகிய இருவகைப் பிரதிகளும் எமக்குக் கிடைத்திருப்பது அரிய பேறாகும். போரை நிறுத்தக் கோருவது நோயென்றும், தொடரக் கோருவது நலமென்றும் வகுத்தது மருத்துவ அறிவன்று. அது வர்க்கக் கருத்துநிலை.

3

எனினும் இக்கருத்தாக்கம் முழுவதையும் ஆளும் வர்க்கத்தின் சூழ்ச்சி என ஒதுக்கிவிடுதல் எளிய வழியே அன்றிச் சரியான வழியன்று. அமெரிக்க உளமருத்துவரான ஹேர்வி கிளெக்லி 1941இல் வெளியிட்ட ‘நலத்தின் முகமூடி’ என்னும் நூலைப் படிப்போர் இதனை உணர்வர். கிளெக்லி தாம் மருத்துவமனையிற் கண்டோரின் வாழ்க்கையை நீண்ட கதைகளாகவே எழுதினார். அவர்கள் கொலைஞர்கள் அல்லர். இனிமையாகப் பேசி, வாக்குறுதி அளித்து, அதனை மறந்து, காரணமெதுவுமின்றிக் களவும் பொய்யும் புரிந்து, தம் வாழ்வையும் தம்மை நம்பினோர் வாழ்வையும் திரும்பத்திரும்பச் சிதைப்போர். அவர்களுட் பலர் வசதியும் மதிப்புமுள்ள குடும்பங்களைச் சேர்ந்தோர். நூலின் ஒரு பகுதியில், இவ்வியல்பு முற்றாக வெளிப்படாது சமூகத்தில் மதிப்புடன் உலவும் வணிகர், கனவான், விஞ்ஞானி, மருத்துவர் ஆகியோரின் சித்திரங்களும் இடம்பெறுகின்றன. உளமருத்துவர் ஒருவரையும் அவ்வரிசையிற் சேர்க்க அவர் தயங்கவில்லை.

கிளெக்லியின் விளக்கமும் மொழிசார்ந்ததே. சொற்களைத் தடையின்றி உச்சரிக்கும் ஒருவர் அவற்றின் பொருளை இழந்திருக்கக்கூடும் என மொழிச்சிதைவு நோயியல் காட்டுகின்றது. அவ்வாறே அன்பு, துயரம், வெட்கம் முதலிய சொற்களைப் பிழையின்றி ஆளும் இவர்கள் அவற்றின் உணர்வுப்பொருளை இழந்திருக்கின்றனர் என அவர் கருதினார். புறத்தோற்றத்தால் ஒருவரை இனங்காணவியலாது என்ற வியப்பு புதியதன்று. திருக்குறளின் கயமை அதிகாரமும் கயவர் உருவத்தால் ஏனையோரை ஒத்திருக்கும் வியப்புடனேயே தொடங்குகின்றது. ஆனால் வள்ளுவர் அவ்வியப்புடன் நின்றுவிடவில்லை. கயவர் எவர்க்குக் கொடுப்பர், எதற்கு அஞ்சுவர், துன்பம் வந்துழி என் செய்வர் எனக் கொடுக்கல் வாங்கல் உறவுகளின் ஊடாகவே அவர்களை இனங்காட்டுகின்றார். கிளெக்லியின் கதைகளின் வலிமையும் இதுவே. தாய், மனைவி, கடன் கொடுத்தவர், தொழில் தந்தவர் எனப் பலரும் சூழ்ந்த உறவுவலையில் ஒரு மனிதன் அங்கு காட்டப்படுகின்றான். அவரது குறைபாடு, அவ்வலை எத்தகைய சமூகத்தாற் பின்னப்பட்டது என்ற வினாவை எழுப்பாமையாகும். தென்மாநிலமான ஜோர்ஜியாவில், நிறவொதுக்கல் சட்டமாக நிலவிய காலத்தில் அவர் எழுதினார். ஒரு முழுச் சமூகமே மற்றொரு பகுதியினரின் நோவை உணராதிருக்கப் பழக்கப்பட்ட சூழலில், உணர்வின்மையைத் தனிமனிதரில் மட்டும் அவர் தேடினார்.

4

கிளெக்லியின் கதையை எண்ணாக மாற்றியவர் கனடிய உளவியலாளரான றொபேட் ஹெயர் ஆவார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிறைக்கைதிகளை ஆராய்ந்த அவர் 1980இல் ஓர் அட்டவணையை உருவாக்கி, 1991இல் அதன் திருத்திய வடிவத்தை வெளியிட்டார். அதில் 20 கூறுகள் உள்ளன. நேர்காணலையும் கோப்புகளையும் கொண்டு ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 எனப் புள்ளி இடப்படும். மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி பெற்றவர் சைக்கோபத் எனக் கருதப்படுவர். பயிற்சி பெற்ற இருவர் ஒருவரையே தனித்தனி மதிப்பிட்டால் விடை பெரிதும் ஒத்திருக்க வேண்டும் என்ற நோக்கம் பாராட்டுக்குரியது. அதற்கு முன்னர் நிலவிய தான்தோன்றித்தனமான தீர்ப்புகளோடு ஒப்பிடுகையில் இது முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை.

ஆயினும் கதையிலிருந்து அட்டவணைக்கு வருகையில் இழக்கப்பட்டதும் சேர்க்கப்பட்டதும் எவையெனக் காண்டல் வேண்டும். கிளெக்லி குறிப்பிட்ட நல்லறிவு, பதற்றமின்மை ஆகியன தனிக் கூறுகளாக இங்கு இடம்பெறவில்லை. இளவயதுக் குற்றம், நிபந்தனை விடுதலை மீளப்பெறப்பட்டமை, பலவகைக் குற்றங்கள் புரிந்தமை ஆகியன கூறுகளாயின. முன்பு குற்றம் புரிந்தமைக்குப் புள்ளி இட்டுவிட்டு, அப்புள்ளி எதிர்காலக் குற்றத்தை முன்னறிவிக்கின்றது என வியப்பதில் ஒரு சுழற்சி உண்டு. குற்றச்செயல் இக்கருத்தாக்கத்தின் மையக் கூறா என்ற வினாவை 2010இல் ஸ்கீம், குக் ஆகிய ஆய்வாளர் எழுப்பியபோது பெரும் விவாதம் மூண்டதும் இதனாலேயே.

‘ஒட்டுண்ணி வாழ்க்கை’ என்ற கூறு தனிக்கவனத்துக்குரியது. மார்க்சியச் சொல்வழக்கில் அச்சொல் உழைக்காது வட்டியிலும் வாரத்திலும் வாழ்வோரைக் குறிக்கும். அட்டவணையிலோ அது பிறரைச் சார்ந்து வாழும் வருமானமற்றவரைக் குறிக்கின்றது. வேண்டுமென்றே பிறரைச் சுரண்டிச் சார்ந்திருத்தலையே தாம் கருதுவதாகக் கையேடு வரையறை செய்கின்றது என்பது உண்மை. ஆனால் அச்சார்பு வேண்டுமென்றே நேர்ந்ததா, வேலையின்மையால் நேர்ந்ததா எனத் தீர்மானிப்பவர் சம்பளம் பெறும் மதிப்பீட்டாளர்; விடையளிப்பவர் சிறையில் இருப்பவர்.

இவ்விடத்தில் லூக்காச்சின் வகைமாதிரி பற்றிய கருத்து எமக்குத் துணைபுரியும். இயல்புகளின் சராசரி வகைமாதிரியாகாது; ஒரு காலகட்டத்தின் முக்கிய முரண்பாடுகள் ஒரு தனிமனிதனில் ஒன்றுகூடுகையிலேயே வகைமாதிரி தோன்றுகின்றது என்பது அவரது நிலைப்பாடு. அட்டவணையோ கூட்டற்கணக்காக அமைகின்றது. வெவ்வேறு கூறுகளைக் கொண்ட இருவர் ஒரே மொத்தத்தைப் பெறலாம். அம்மொத்தத்துக்கு ஒரு பெயரிட்டு, பின்னர் அப்பெயரையே உள்ளே உறையும் ஒரு பொருளாகக் கருதும் பழக்கம் பண்டமாய்மாலத்தின் மற்றுமோர் உருவமேயாகும்.

இதனோடு தொடர்புடைய, ஆனால் இதனின்றும் வேறான ஒரு நோயறிகுறிப் பெயர் ‘சமூகவிரோத ஆளுமைக் கோளாறு’ ஆகும். அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேட்டில் இது பெரிதும் புறநடத்தைகளைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. 12 நாடுகளில் ஏறத்தாழ 23,000 கைதிகளைப் பற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளிவந்த கட்டுரையின்படி, ஆண் கைதிகளில் 47 வீதத்தினர் இப்பெயருக்கு உரியோராயினர். ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குப் பொருந்தும் பெயர் ஒரு நோயை இனங்காட்டுகின்றதா, சிறையை வேறொரு சொல்லால் வருணிக்கின்றதா என்ற ஐயம் தவிர்க்கவியலாதது.

5

அளவீடு நீதிமன்றத்தில் நுழையும்போது வினா உயிர்சார்ந்ததாகின்றது. ரெக்சாஸ் மாநிலத்தில், எதிர்காலத்திலும் ஒருவர் வன்செயல் புரிவாரா என்பது மரணதண்டனையைத் தீர்மானிக்கும் வினாக்களுள் ஒன்று. பெயார்ஃபுட் என்பவரின் வழக்கில், அவரை ஒருமுறையேனும் நேரிற் பரிசோதித்திராத உளமருத்துவர் ஒருவர், கற்பனை வினா ஒன்றுக்கு விடையாகவே அவரைச் சமூகவிரோதி என இனங்கண்டார். ஒன்று முதற் பத்து வரையான அளவில் அவர் பத்துக்கும் மேற்பட்டவர் எனவும், அறியப்பட்ட சிகிச்சை எதுவுமில்லை எனவும், அவர் மீண்டும் வன்செயல் புரிவது முற்றிலும் உறுதி எனவும் சாட்சியமளித்தார். இத்தகைய முன்கணிப்புகளில் மூன்றில் இரண்டு பிழையாகின்றன என அமெரிக்க உளமருத்துவக் கழகமே உயர்நீதிமன்றத்துக்கு எடுத்துரைத்தது. இருந்தும் 1983இல் அச்சாட்சியம் ஏற்கத்தக்கதெனத் தீர்ப்பாயிற்று. 1984இல் அவர் கொல்லப்பட்டார்.

அக்காலத்தில் ஹெயரின் திருத்திய அட்டவணை இருக்கவில்லை என்றும், ஒழுங்கான அளவுகோல் இத்தகைய கொடுமையைத் தடுத்திருக்கும் என்றும் வாதிக்கலாம். 2013இல் வெளிவந்த மறீ, பொக்காச்சினி ஆகியோரின் பரிசோதனை அந்நம்பிக்கையைத் தகர்க்கின்றது. நூற்றுக்கு மேற்பட்ட நீதிமன்ற உளநிபுணர்களுக்கு ஒரே கோப்புகள் அளிக்கப்பட்டன. வழக்குத்தொடுநர் தம்மை அமர்த்தியதாகச் சிலரும், எதிரி தரப்பினர் அமர்த்தியதாக ஏனையோரும் நம்பவைக்கப்பட்டனர். வழக்குத்தொடுநருக்காகப் பணிசெய்வதாக நம்பியோர் கூடிய புள்ளிகளை இட்டனர். அவர்கள் நேர்மையற்றோர் என்பது எமது கருத்தன்று. ‘உள்ளதை உள்ளவாறு’ அளப்பதாகக் கருதும் நேர்மையாளரின் கையும், எங்கு நிற்கிறாரோ அங்கிருந்தே அளக்கின்றது என்பதே இதன் படிப்பினை.

6

இதன் எதிர்முனையில், எமது தரப்பினரின் தவறுகளும் உள. 1957இல் அமெரிக்க எழுத்தாளர் நோமன் மெயிலர் தமது புகழ்பெற்ற கட்டுரையொன்றில் சைக்கோபத்தை, பூர்ஷ்வா ஒழுக்கத்தை உடைக்கும் கலகக்காரனாக உயர்த்தினார். 1981இல், சிறையின் கொடுமையை ஆற்றலுடன் எழுதிய ஜக் அபட் என்ற கைதியின் விடுதலைக்கு அவர் ஆதரவளித்தார். வெளிவந்த ஆறு வாரங்களுள் அபட் ஓர் இளைஞரைக் குத்திக் கொன்றார். கொல்லப்பட்டவர் ஓர் உணவகப் பணியாளர். தாமும் நாடகம் எழுத முயன்றவர். அபட் தமது இளமையின் பெரும்பகுதியைச் சிறைகளிற் கழித்தவர் என்பதும், அச்சிறைகள் அவரை ஆக்கின என்பதும் மெய்யே. ஆனால் இரவில் மேசை துடைத்து நின்ற தொழிலாளியின் உயிரை மறந்து, கொன்றவரின் கலகத்தை மட்டும் காணும் பார்வை முற்போக்கானதன்று.

மற்றொரு தவறு அண்மைக்காலத்தது. 2006இல் பேபியாக்கும் ஹெயரும் இணைந்து எழுதிய நூலைத் தொடர்ந்து, நிறுவனங்களின் உயர்பதவிகளில் அமர்ந்துள்ள சைக்கோபத்துகள் பற்றிய எழுத்துப் பெருகியுள்ளது. முதலாளி மனநோயாளி எனக் கேட்க எமது செவிக்கு இனிமையாக இருக்கலாம். ஆனால் ‘மூலதனம்’ நூலின் முன்னுரையிலேயே மார்க்ஸ், தனிமனிதரைப் பொருளாதார வகைமைகளின் உருவகங்களாகவே தாம் காண்பதையும், உறவுகளுக்குத் தனிமனிதரைப் பொறுப்பாளிகளாக்காமையையும் தெளிவுபடுத்தியுள்ளார். இளகிய மனம் படைத்த முதலாளியும் இலாபவீதம் வீழ்ந்தால் ஆட்குறைப்புச் செய்தே தீர்வார். சில தீயவரை நீக்கினால் நிறுவனம் நல்லதாகிவிடும் என்ற ஆறுதலையே இவ்வெழுத்து இறுதியில் வழங்குகின்றது.

7

அவ்வாறாயின் காரணம் யாது? மரபுக்குக் கணிசமான பங்குண்டு என இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. வரவிருக்கும் மின்னதிர்ச்சியை எதிர்நோக்குகையிற் சிலரின் உடல் அச்சக்குறி காட்டுவதில்லை என்பதை ஹெயர் 1965இலேயே பரிசோதித்துக் காட்டினார். பொருள்முதல்வாதிகளாகிய நாம் உடலை மறுப்பதற்கில்லை. ஆனால் மரபு என்பது விதியன்று. தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, பெற்ற தாயின் சமூகவிரோத இயல்பு குழந்தையின் உணர்வின்மையோடு தொடர்புறுவதைக் கண்டது. அதேவேளை, வளர்ப்புத் தாயின் பாராட்டும் ஊக்கமும் மிகுந்த இல்லங்களில் அத்தொடர்பு தளர்வதையும் அது கண்டது. இயற்கையும் சமூகமும் இருவேறு காரணங்களாக அருகருகே நிற்பதில்லை. ஒன்று மற்றொன்றின் ஊடாகவே செயற்படுகின்றது.

சிகிச்சை பற்றிய வரலாறு இதனினும் அறிவூட்டுவது. கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் பெனெற்றாங்குஷீன் என்னுமிடத்தில், 1960களின் நடுப்பகுதியிலிருந்து கைதிநோயாளருக்கு வழங்கப்பட்ட ‘சமூக சிகிச்சை’யில், நிர்வாணக் குழு அமர்வுகளும் எல்.எஸ்.டி. முதலிய மருந்துகளும் பயன்பட்டன. 1992இல் வெளிவந்த மதிப்பீடு, அங்கு சிகிச்சை பெற்ற சைக்கோபத்துகள், சிகிச்சை பெறாது சிறையில் இருந்தோரினும் கூடுதலாக வன்செயலுக்குத் திரும்பினர் எனக் கண்டது. இம்முடிவு உலகெங்கும் ‘இவர்களைத் திருத்த முடியாது, திருத்த முயன்றால் மேலும் கெடுவர்’ என மேற்கோளாயிற்று. பல நோயாளர் தொடுத்த வழக்கில் 2020இல் ஒன்ராறியோ நீதிமன்றம் மாநில அரசும் மருத்துவர்களும் அவர்களுக்கு இழைத்த தீங்குக்குப் பொறுப்பாளிகள் எனத் தீர்ப்பளித்தது. வதையைச் சிகிச்சை எனப் பெயரிட்டு, வதையின் தோல்வியைச் சிகிச்சையின் தோல்வியாகக் காட்டி, அத்தோல்வியை நோயாளியின் இயல்பாகவே முடித்த வரலாறு இது.

1995இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் தொடங்கப்பட்ட மென்டோட்டா இளைஞர் சிகிச்சை நிலையம் வேறொரு வழியைத் தேர்ந்தது. ஏனைய சிறைகள் கையாள முடியாதெனக் கைவிட்ட இளைஞரே அங்கு அனுப்பப்பட்டனர். தண்டனை எதிர்ப்பை வளர்க்கின்றது, எதிர்ப்பு மேலும் தண்டனையை வருவிக்கின்றது என்ற சுழலை உடைப்பதே அதன் முறை. நன்னடத்தைக்கு உடனுக்குடன் சிறு சலுகைகள் கிடைக்கும். உளமருத்துவப் பணியாளர் உறவை விடாது பேணுவர். ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியதில், வழமையான முறையில் நடத்தப்பட்ட ஒப்பீட்டுக் குழுவினர் 16 பேரைக் கொன்றிருந்தனர். இந்நிலையத்திற் சிகிச்சை பெற்றோரில் எவரும் கொலை புரியவில்லை. செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் ஏழு டொலருக்கு மேல் மிச்சமாயிற்று எனவும் கணிக்கப்பட்டது. இவ்விரு குழுக்களும் குலுக்கல் முறையிற் பிரிக்கப்பட்டவை அல்ல என்பதால் முடிவை மிகைப்படுத்தலாகாது. எனினும் ‘திருத்தவே முடியாது’ என்ற கூற்று அறிவியல் முடிபன்று எனக் கூற இதுவே போதுமானது.

8

மேற்கூறியவற்றால் நாம் வந்தடையும் முடிபுகள் சில. பிறர் நோவை உணராது பிறரைச் சிதைக்கும் ஆளுமை மெய்யாகவே உண்டு. அதனாற் பாதிக்கப்படுவோரிற் பெரும்பாலானோர் தற்காப்பற்ற எளியவரே. அதனை மறுத்தல் அவர்களைக் கைவிடுதலாகும். ஆனால் பீனெல் சொத்துடையோனின் வாழ்வில் இனங்கண்ட ஒன்றை, இரண்டு நூற்றாண்டுகளின் போக்கில் அரசு தன் காவலில் உள்ளோரை வரிசைப்படுத்தும் கருவியாக மாற்றிக்கொண்டது. அறை வேறாயிற்று, அதனால் அளக்கப்படுவோரும் வேறாயினர். ‘சிகிச்சையில்லை’ என்ற தீர்ப்பு அளவீட்டின் விளைவு போலத் தோன்றினும், உண்மையில் அது எவர்மீது செலவிட வேண்டும், எவர்மீது வேண்டியதில்லை என்ற சமூக முடிவேயாகும்.

இலக்கிய விமர்சகர் இங்கு ஆற்றக்கூடிய பணி எளிமையானது, ஆனால் அவசியமானது. ஒருவரைப் பற்றிய மதிப்பீடு எங்கு எழுதப்படினும், அதை எழுதியவர் யார், எழுதப்பட்டவர் விடையளிக்க இடமிருந்ததா, அவரைச் சூழ்ந்த உறவுகள் எவை விடுபட்டன என்று வினவும் பயிற்சி எமக்குண்டு. அப்பயிற்சியை நாவல்களோடு நிறுத்திக்கொள்ளாது கோப்புகளுக்கும் விரித்தல் வேண்டும். அதற்கு முன்னர், எமது சொந்த எழுத்திலும் பேச்சிலும் ‘சைக்கோ’ என்ற வசையை விடுத்தல் தகும். அவ்வசை கொலைஞரை விளக்குவதுமில்லை, நோயாளரைக் காப்பதுமில்லை.